பல் இல்லாத ஜோடி

அந்த ஞாயிற்றுக்கிழமை கோவிந்தராஜுக்குக் காலையிலேயே பொறுமை போய்விட்டது. கேம்ப் பகுதியில் ஸ்டாம்பு சங்கத்துக்கென்று இருக்கும் ஒற்றை அறையில் உட்கார்ந்து, கண்காட்சிக்கு வருகிறவற்றைச் சோதித்து அனுப்புவது அவர் பொறுப்பு. பதினொரு மணிக்குள் நாலு பேர் வந்து, நாலு பேரும் ஒரே பொய்யைச் சொல்லியிருந்தார்கள்.

ஸ்டாம்பின் ஓரம் பல் பல்லாக இருக்கும். எப்போதாவது அச்சகத்தில் துளை போட விட்டுப்போய் ஒரு தாள் வெளியே வந்துவிட்டால், அந்தப் பல் இல்லாத ஸ்டாம்புக்குத் தனி மவுசு. உடனே ஊரிலுள்ள கத்தரிக்கோல்களுக்கெல்லாம் வேலை வந்துவிடும். பல்லை நறுக்கிவிட்டு, அசல் என்று கொண்டுவந்து நீட்டுவார்கள். போசரி தொழிற்பேட்டையில் முப்பது வருஷம் இயந்திர பாகங்களை அளந்து தள்ளிய கோவிந்தராஜிடமா இது நடக்கும்? பல்லுள்ள சாதாரண ஸ்டாம்பு ஒன்றை எடுத்து மேலே வைப்பார். நறுக்கியது அதைவிடச் சிறுத்திருக்கும். அசல் என்றால் வெள்ளை ஓரம் தாராளமாக வெளியே தெரிய வேண்டும். இல்லையா, இரண்டு ஸ்டாம்பு ஒட்டியபடி, நடுவே துளையே இல்லாமல் ஜோடியாக வர வேண்டும். அதை எந்தக் கத்தரிக்கோலாலும் செய்ய முடியாது.

"காகா, இது ஜோடியாகத்தான் இருந்தது. எங்கள் மாமா பிரித்துவிட்டார்" என்று, பெரியவரைச் சித்தப்பா முறை வைத்து அழைத்து, மராத்தியில் மன்றாடினார் வங்கியில் வேலை பார்க்கும் மனோஜ்.

"எல்லார் வீட்டிலும் ஜோடி இருந்ததாம். எல்லார் வீட்டிலும் ஒரு மாமாவும் இருந்தாராம்!" 'நறுக்கியது, தள்ளுபடி' என்று படிவத்தில் எழுதிக் கையெழுத்தைக் கிறுக்கினார் கோவிந்தராஜ். "உட்காருங்கள். அசல் எப்படி இருக்கும் என்று இன்றைக்குக் காட்டுகிறேன்."

அசல் அவர் அப்பாவுடையது. வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஸ்வாமிநாதனுக்குத் தபாலாபீஸில் ஒரு முறை பல் இல்லாத ஜோடி கிடைத்தது. சொன்னபோது இந்தச் சங்கத்தில் சிரித்தார்கள். கதை விடுகிறார் என்றார்கள். ரோஷக்காரர், யாருக்கும் காட்டாமலே போய்ச் சேர்ந்துவிட்டார். அப்பா சொன்னது மெய் என்று இதே அறையில் நிரூபித்துவிட வேண்டும், கோவிந்தராஜுக்கு வேறு ஆசை கிடையாது. ஜோடி கட்கியில் தங்கை பவுன் வீட்டுப் பெட்டியில் கிடந்தது. ஒரு மாதமாகப் போன் மேல் போன் போட்டு, ஒருவழியாக இன்றைக்கு வரச் சொல்லியிருந்தார்.

பவுன் ரிக்‌ஷாவில் வந்து இறங்கி, பைக்குள்ளிருந்து விபூதிப் பொட்டலம்போல மடித்த காகிதத்தை எடுத்தாள். உள்ளே ஒரே ஒரு ஸ்டாம்பு இருந்தது.

"இன்னொண்ணு எங்க?"

"என்கிட்ட இருக்குண்ணா. அப்பா எதுன்னாலும் நமக்கு ரெண்டாத்தானே குடுப்பாரு? வடாபாவ்கூட உனக்குப் பாதி, எனக்குப் பாதி. நாளைக்கு நம்ம புள்ளைங்க அடிச்சிக்கக் கூடாதுன்னு சரிபாதியா வெட்டிட்டேன்."

"வெட்டிட்டியா?"

"சுத்தி ஓரமெல்லாம் மஞ்சளாப் பூட்டிருந்துச்சு. அதையும் கைஞ்சியால நறுக்கி எடுத்துட்டேன். இப்பப் பாரு, புதுசாட்டம் இருக்கு."

கோவிந்தராஜுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. பத்திரமாகக் கொண்டுவா என்று நூறு தடவை சொன்னார். வெட்டாதே என்று சொல்லவில்லை. எந்த மனுஷன் சொல்வான்? வீட்டைக் கொளுத்திவிடாதே என்று சொல்லிவிட்டா எல்லாரும் வேலைக்குப் போகிறார்கள்?

பழகிய கை, பல்லுள்ள ஸ்டாம்பைத் தானாக எடுத்து மேலே வைத்தது. நாலு பக்கமும் பல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அப்பாவுடையது சிறுத்துப் போயிருந்தது.

மனோஜ் எட்டிப் பார்த்தார். "என்ன காகா, இதுவும் ஜோடியாக இருந்ததா?"

சுருக்கென்றது. பேனா தன் கையில்தான் இருக்கிறது, அசல் என்று எழுதிவிடலாம். எழுதினால் அப்பாவோடு மகனும் கதை விடுகிறவன் ஆகிவிடுவான். உரிமையாளர் பெயரில் ஸ்வாமிநாதன் என்று நிரப்பி, கீழே 'நறுக்கியது, தள்ளுபடி' என்று எழுதினார். கோபம் அடங்கி அழுகை வந்தது.

"எழுதிட்டியாண்ணா? அப்பா பேரு கண்காட்சி போர்டுல வருமா?"

"வராது பவுனு. இது செல்லாதுன்னு ஆயிடுச்சு."

பவுனின் முகம் வாடிவிட்டது. பிறகு பையைத் துழாவி இன்னொரு பொட்டலத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"அப்ப அது எனக்கு இருக்கட்டும். நீ என்னுத எடுத்துக்கோண்ணா. இத இன்னும் நேரா வெட்டியிருக்கேன்."