வெட்டாமல் ஒரு வீடியோ

என் வீட்டுக்காரர் பாண்டியராஜன் கொச்சி மட்டாஞ்சேரியில் கல்யாண வீடியோ எடுப்பவர். மழையில் நனைந்து ஆளாளுக்குச் சண்டை போட்ட கல்யாணத்தைக்கூட, தேவலோகத்தில் நடந்ததுபோல் ஆக்கித் தந்துவிடுவார். அந்தக் கைவரிசையை எங்கள் மகள் மகாவிடமும் காட்டுவார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

மகாவுக்கு நான்கு வயது முடிந்துவிட்டது. பேச்சு வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். ஒரு டப்பா மூடி கிடைத்தால் போதும், அதைச் சுழற்றிவிட்டுப் பக்கத்திலேயே படுத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஆனால் மிக்ஸி போட்டாலோ, ஆட்டோ வழக்கமாகப் போகும் சுக்கு மண்டித் தெருவை விட்டு வேறு தெருவில் திரும்பினாலோ தொலைந்தோம். கத்தித் தீர்த்துத் தன் கையையே கடித்துக்கொள்வாள். "மோளுக்கு வாசி கூடுதலா, கேட்டோ" என்பார் கீழ்வீட்டுச் சேச்சி. பிடிவாதமாம்! பிடிவாதம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? நான் அதிலேயே வளர்ந்தவள்.

முன்பு ஒரு டாக்டரிடம் காட்டினோம். அன்று பார்த்து அவர் மேசையில் ஒரு மூடி கிடந்தது. மகாராணி அதைச் சுழற்றிக்கொண்டு அவ்வளவு சமர்த்தாக இருந்தாள். "மோளுக்கு ஒண்ணுமில்ல. அம்மாவுக்குத்தான் பயம்" என்று டாக்டர் அனுப்பிவிட்டார். "நான்தான் அப்பவே சொன்னேன்ல செல்வி" என்றார் இவர். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நோயாளி நான்தான்.

நான் விடவில்லை. ஆட்டிசம் பார்க்கும் மையம் ஒன்றை எர்ணாகுளத்தில் விசாரித்து, மாதக்கணக்கில் காத்திருந்து நேரம் வாங்கினேன். அங்கே இருக்கும் சுபாஷிணி மேடம் தமிழ்க்காரர், தலைமுறை தலைமுறையாகக் கொச்சிக்காரர். அவர் போனில் சொன்னார்: "இங்க வந்தா கொழந்தை வேற மாதிரி இருப்பா. ஆத்துல எப்படி இருக்காளோ, அப்படியே ஒரு வீடியோ எடுத்துண்டு வாங்கோ. கத்தறது, கடிக்கறது, கூப்பிட்டாத் திரும்பாதது, எல்லாம் வேணும்."

வீடியோதானே? ஆள்தான் வீட்டிலேயே இருக்கிறாரே. எனக்கு உள்ளூரச் சந்தோஷம். கண்ணால் பார்த்தாலாவது மனுஷன் நம்புவார் அல்லவா? அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர் எடுத்தார். நான் மிக்ஸி போட்டபோது எடுத்தார், நான் மீன் வாங்கப் போன நேரத்திலும் எடுத்தார். அப்புறம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவர் எனக்குக் காட்டவே இல்லை.

மையத்தில் இவர் லேப்டாப்பைத் திறந்தார். திரையில் ரோஜா இதழ்கள் விழுந்தன. புல்லாங்குழல் ஒலித்தது. 'எங்கள் வீட்டு இளவரசி' என்று தங்க எழுத்து வந்தது. மகா ஸ்லோமோஷனில் ஓடினாள், சிரித்தாள், மாடியில் புறாக்களைப் பார்த்தாள். கத்தலும் இல்லை, கடியும் இல்லை.

"நன்னா இருக்கு. யாருக்குக் கல்யாணம்?" என்றார் சுபாஷிணி மேடம்.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் கொதித்தது. இந்த மேடமும் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டால் அப்புறம் நான் எங்கே போய் நிற்பேன்? "இந்தப் பிள்ளைய நான் பெறல மேடம். நான் பெத்தது அந்தா இருக்கு" என்று மூலையைக் காட்டினேன். மகா அங்கே தண்ணீர் பாட்டில் மூடியைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். "ஏங்க, எம்பிள்ளைக்கு உதவி கேட்டு வந்தா, மாப்பிள்ளை பாக்க வந்த மாதிரி படம் காட்டுதீங்களே!"

இவர் தலையைக் குனிந்துகொண்டார். "அடுத்தவங்க அவளை அப்படிப் பாக்க வேண்டாம்னுதான்..."

மேடம் கோபப்படவில்லை. "வெட்டினதெல்லாம் எங்க?"

இவர் எதையும் அழிக்க மாட்டார். தொழில் பழக்கம். எந்தக் கல்யாணப் படத்திலும் யாராவது ஒரு சித்தப்பா வெட்டுப்பட்டிருப்பார். ஒரு மாதம் கழித்துச் சண்டைக்கு வருவார். அவருக்காக இவர் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருப்பார். தயங்கித் தயங்கி அதைத் திறந்தார்.

மிக்ஸி ஓடியது. மகா கத்தினாள். கையைக் கடித்தாள். மேடம் குறித்துக்கொண்டே இருந்தார். அப்புறம் நான் மீன் வாங்கப் போயிருந்த நேரம் வந்தது. மகா மூடியைச் சுழற்றுகிறாள். "மகா" என்று இவர் குரல். "மகா, அப்பாடா. இங்க பாரு தங்கம்." அவள் திரும்பவில்லை. "ஒரே ஒரு தடவை பாரேன்ம்மா." குரல் உடைந்தது. காமிரா தரைக்கு இறங்கிவிட்டது. வெறும் தரையும் இவர் விசும்பும் சத்தமும்தான்.

இவர் அழுது நான் பார்த்ததே இல்லை. ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று சொன்ன மனுஷனுக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறது. எனக்கு இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"இது வேண்டாம் மேடம்" என்று நிறுத்தப் போனார்.

"இருங்கோ." மேடம் அவர் கையைத் தடுத்தார்.

அந்த வெறும் தரைக்குள் இரண்டு சின்னப் பாதங்கள் வந்தன. ஒரு கை இறங்கியது. மூடியை இவருடைய முழங்காலுக்கு முன்னால் வைத்தது. சுழற்றிவிட்டது.

மேடம் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். "கேட்டேளா, அவளுக்கு ரொம்பப் பிடிச்சதை உங்களுக்குக் கொண்டுவந்து தந்திருக்கா. இதைப் போயா வெட்டினேள்?"

"நான் கண்ணை மூடி அழுதிட்டிருந்தேன் மேடம். பாக்கவே இல்ல. வெட்டும்போதும் என் அழுகை வந்த எடத்தோட நிறுத்திட்டேன்."

மேடம் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொன்னதெல்லாம் சரிதான். அது வெறும் பயம் இல்ல, நீங்க கவனிச்சிருக்கேள். ஆட்டிசம்தானான்னு சொல்ல இன்னும் சில தடவை பார்க்கணும். ஆனா தெரப்பிக்கு அதுவரை காத்திருக்க வேண்டாம், அடுத்த வாரமே தொடங்கிடலாம்."

என்னை ஒருவர் நம்பிவிட்டார்! அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்ததில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மேடம் இவரைத் தரையில் உட்காரச் சொன்னார். ஒரு மூடியைக் கொடுத்துச் சுழற்றச் சொன்னார். இவருக்கு அது வரவில்லை. சுழலாமல் உருண்டு ஓடியது. மகா எழுந்து போய் எடுத்து வந்தாள். அப்பா முகத்தைப் பார்க்கவில்லைதான். ஆனால் மூடியை அவர் முழங்காலுக்கு முன்னால் வைத்தாள்.

காமிராக்காரர் தரையில் இருந்ததால் நான்தான் போனை எடுத்தேன். மூக்கைத் துடைத்துத் துடைத்துப் பிடித்ததில் பாதி நேரம் என் செருப்புதான் பதிவாகியிருக்கிறது. திரும்பும்போது மட்டாஞ்சேரிப் படகில் இவர் அதைப் பார்த்துவிட்டு, "லேசா எடிட் பண்ணித் தரட்டா?" என்றார்.

கையை ஒடித்துவிடுவேன் என்றேன்.