பதினாலு அழைப்புகள்

உட்காரச் சொல்லியும் ஜெயப்பிரகாஷ் பெஞ்சில் உட்காரவில்லை. சிப்காட் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு, கடலூரிலிருந்து காலை பஸ் பிடித்து சிதம்பரம் காவல் நிலையத்துக்கு வந்திருந்தான். எத்தனை முறை துவைத்தாலும் போகாத கெமிக்கல் வாடை சட்டையிலிருந்து அவனுக்கே அடித்தது.

ஏட்டு வைத்திலிங்கம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார். "ஆகாஷு ஒனக்கு க்ளோஸ் ஃப்ரெண்டா?"

"இல்ல சார். பாலிடெக்னிக்ல ஒண்ணா படிச்சோம். அவ்ளோதான்."

ஏட்டு ஒரு தாளை அவன் பக்கம் திருப்பினார். "நாப்பது நாள்ல அவன் போன் பண்ணது மொத்தமே மூணு நம்பருக்குத்தான். வேல வாங்கித் தர்றேன்னு சொன்ன ஒருத்தன். கஸ்டமர் கேர். அப்பறம் நீ. ஒனக்கு மட்டும் பதினாலு தடவ அடிச்சிருக்கான். நீ எடுத்தது ரெண்டு. என்னா பேசுனான்?"

ஜெயப்பிரகாஷ் யோசித்துப் பார்த்தான். "என்ன பண்ற மச்சான்னு கேட்டான் சார். டூட்டில இருக்கேன், அப்பறம் கூப்புடுறேன்னு சொன்னேன்."

"கூப்ட்டியா?"

"இல்ல சார்."

போன செவ்வாய்க்கிழமை மாலை நாலரை மணிக்கு, ஆகாஷ் வீச்சரிவாளுடன் மேலவீதியில் நடந்துபோய், முன்பின் தெரியாத ஆறு பேரை வெட்டினான். ஐந்து பேர் பிழைத்துக்கொண்டார்கள். கண்ணாடிக்கு அளவு கொடுக்க சேத்தியாத்தோப்பிலிருந்து வந்திருந்த உத்திராபதி என்பவர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துவிட்டார். கூட்டம் வளைத்துப் பிடித்தபோதும் ஆகாஷ் திமிறவில்லையாம். யார் வீடியோ எடுக்கிறார்கள் என்றுதான் சுற்றுமுற்றும் பார்த்தானாம்.

கஞ்சா என்றது ஒரு சேனல். காதல் தோல்வி என்றது இன்னொன்று. "ரத்தத்துல ஒண்ணும் இல்ல. பொண்ணுங்க நம்பர் ஒண்ணுகூட அவன் போன்ல இல்ல" என்றார் ஏட்டு. பிறகு இன்னொரு தாளை எடுத்து வைத்தார்.

அது 'கெத்து பாய்ஸ்' வாட்ஸ்அப் குழுவின் பக்கம். சம்பவத்துக்கு இரண்டு நாள் முன்பு, தோளில் அரிவாளைச் சாய்த்துக்கொண்டு ஆகாஷ் எடுத்த படம். அதற்குக் கீழே பத்தொன்பது நெருப்புக் குறிகள். அதில் ஒன்றுக்குப் பக்கத்தில் ஜெயப்பிரகாஷின் பெயர் இருந்தது.

"இது நீதான?"

"ஆமா சார். பொறந்தநாளுக்குப் பட்டாக்கத்தியால கேக் வெட்டி வீடியோ போடுவானுங்க. எல்லாத்துக்கும் நெருப்பு போடுவோம். இதயும் சரியா பாக்காமயே..." தாளை ஏட்டு பக்கமே திருப்பி நகர்த்தினான். "இதயும் ஸ்டேட்மெண்டுல எழுதுங்க சார்."

"இதுக்கெல்லாம் கேஸ் கெடையாதுப்பா."

"பரவால்ல சார். எழுதுங்க."

ஏட்டு எழுதினார். தன் மகனுக்கும் இதே வயசு என்றார். அவன் போனில் என்ன இருக்கிறது என்று தனக்குத் தெரியாது என்றும் சொன்னார்.

வெளியே வந்தவன் கடலூர் பஸ்ஸில் ஏறவில்லை. ஆகாஷின் ஊர் வழியாகப் போகும் காட்டுமன்னார்கோயில் டவுன் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான். படிப்பு முடிந்ததும் அவனையும் ஆகாஷையும் ஒரே நாளில்தான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனிக்கு எடுத்தார்கள். பதினோராவது மாதம், வருடம் முடிந்தால் நிரந்தரம் ஆக்க வேண்டிவரும் என்று இருவரையும் சேர்த்தே அனுப்பிவிட்டார்கள். ஜெயப்பிரகாஷுக்கு மாமா ஒருவர் சிப்காட்டில் காண்ட்ராக்ட் வேலை பிடித்துக் கொடுத்தார். ஆகாஷுக்கு அப்படி யாரும் இல்லை. ரைஸ் மில்லில் மூட்டை தூக்கும் அவன் அப்பா, டிப்ளமோ படித்தவனை மில்லுக்குக் கூட்டிப்போக மனமில்லாமல், பேசுவதையே நிறுத்திவிட்டார். இரண்டு வருடம் அவனிடம் பேசியது அந்தக் குழு மட்டும்தான். அங்கேயும் கத்தி எடுத்தால்தான் பதில் வரும்.

ஆகாஷின் வீட்டில் அவன் அம்மா கொளஞ்சியம்மாள் தனியாக இருந்தாள். அப்பா எங்கே போனார் என்று அவளுக்கே தெரியவில்லை. பக்கத்து வீடுகளின் கதவெல்லாம் சாத்திக் கிடந்தன. அடி வாங்கத் தயாராக நிற்பவள் போல் சுவரோடு ஒட்டி நின்றாள்.

"ஒங்கிட்ட எதுனா சொன்னானா தம்பி?"

"சொல்ல வந்தாம்மா. நான்தான் கேக்கல."

அவள் திட்டவில்லை. "சாப்ட்டியாடான்னு கேப்பேன். சாப்ட்டேம்பான். ரெண்டு வருசமா அது மட்டுந்தான் நாங்க பேசுனது" என்றாள். கொஞ்சம் கழித்து, "செத்துப்போன அந்த மனுசனுக்குப் பொண்டாட்டி புள்ளைங்க இருக்காங்களா?" என்று கேட்டாள்.

"ரெண்டு பொண்ணுங்கம்மா."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவனும் எதிரில் உட்கார்ந்தான். மூன்று மணி பஸ்ஸுக்குத்தான் எழுந்தான்.

அடுத்த வாரம் மனு போட்டுவிட்டு கடலூர் ஜெயிலுக்குப் போனான். கம்பி வலைக்கு அந்தப்பக்கம் வந்த ஆகாஷ் இளைத்திருந்தான். ஆனால் இவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"மச்சான்! அந்த வீடியோ எவ்ளோ வியூஸ் போயிருக்கு? ஜாஸ்தியா?"

ஜெயப்பிரகாஷுக்கு எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது. போகவில்லை.

"நீ வெட்டுனியே, செத்துப்போனவரு. அவரு பேரு தெரியுமாடா ஒனக்கு?"

ஆகாஷ் உதட்டைப் பிதுக்கினான்.

"உத்திராபதி. கண்ணாடி வாங்க வந்தாரு. பெரிய பொண்ணு பன்னெண்டாவது படிக்குது."

ஆகாஷின் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. வலையில் விரல்களைக் கோத்துக்கொண்டு, "கடைசில நீ போன எடுக்கவே இல்லியே மச்சான்" என்றான்.

"எடுக்கல. அது என் தப்பு. நீ பண்ணது ஒன் தப்புடா. அத எம்மேல போடாத."

நேரம் முடிந்துவிட்டது என்றார் காவலர். ஆகாஷ் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். அடுத்த முறை வருவேன் என்று இவனும் சொல்லவில்லை, வருவாயா என்று அவனும் கேட்கவில்லை.

பஸ் நிறுத்தத்தில் நின்றபடி ஜெயப்பிரகாஷ் குழுவைத் திறந்தான். ஆகாஷின் படத்துக்குப் பின்னணி இசை சேர்த்து யாரோ புதிதாக ஒரு வீடியோ போட்டிருந்தார்கள். முப்பது நெருப்புகள் வந்திருந்தன. இறந்தவரின் பெயரையும் ஊரையும் மகள்களைப் பற்றியும் நாலு வரி தட்டி அனுப்பினான். ஒருவன் சிரிப்புக் குறி போட்டான். இன்னொருவன், உபதேசம் பண்ணாதே என்பதுபோல 'பூமர்' என்றான். மூன்றாவது நிமிடம் அவனைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

அந்த வருடம் அவனுக்குப் பிறந்தநாள் வாழ்த்து சொன்னவர்கள் அந்தக் குழுவில் இருந்த நாற்பத்து மூன்று பேர் மட்டும்தான். யாரையாவது கூப்பிட்டுப் பேச வேண்டும்போல் இருந்தது. சூப்பர்வைசர், மெஸ்காரர், மாமா என்று போனில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனான். பேசக்கூடிய ஒரு பெயரும் அகப்படவில்லை. சிப்காட் வழியாகப் போகும் பஸ் வந்தது. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டிருந்ததால் ஓடிப்போய் ஏறிக்கொண்டான்.