இருபத்தெட்டுப் பாயிண்ட் பெயர்

பாட்டுக்கு மெட்டுப் போட இசையமைப்பாளருக்கு ஒரு மாலைப்பொழுது போதுமானதாக இருந்தது. அதன் தலைமேல் தன் பெயரைப் போடுவதுதான் ஒரு வாரமாக இழுத்தடித்தது.

இசைக்குறிகளை அச்சுக்கோக்கும் மென்பொருள், கேட்காமலேயே அவர் பெயருக்குப் பத்துப் பாயிண்ட் எழுத்தளவு கொடுத்திருந்தது. அதை அவர் தனிப்பட்ட அவமானமாக எடுத்துக்கொண்டார். அமைப்புகளைக் குடைந்து பதினெட்டு ஆக்கினார். தள்ளி உட்கார்ந்து பார்த்தார். இன்னும் அடக்கமாகத் தெரிந்தது. அடக்கம் அவருக்கு ஒத்துவராது.

ஞாயிற்றுக்கிழமை இசைப்பள்ளி முதல்வர் பாட்டைக் கேட்க வீட்டுக்கு வருவதாக இருந்தது. மனைவி பியானோவில் வாசிக்க, முதல்வருக்குப் பிடித்துவிட்டால் பள்ளியின் சேர்ந்திசைக் குழு பாடும். இதுவரை அவர் பாட்டுகளை வீட்டுச் சுவர்களைத் தவிர யாரும் முழுதாகக் கேட்டதில்லை.

அந்த நேரம் பார்த்து, பாட்டெழுதிய மச்சினன் வந்து திரையை எட்டிப் பார்த்தான். "என்ன மாமா, எழுதினவன் பேரைத் தேட டார்ச் அடிக்கணும் போலிருக்கே."

குடும்ப அமைதிக்காக மச்சினனுக்கு இருபத்திரண்டு. நியாயத்துக்காகத் தனக்கு இருபத்தெட்டு. பாட்டு முழுவதும் ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும் என்றும் கட்டளையிட்டிருந்தார். தாள் புரட்டும் ஓசை தன் இசைக்குள் புகுந்துவிடக் கூடாதாம். மென்பொருள் சொன்ன பேச்சைத் தட்டாது. பெயர்கள் வளர வளர, கோடுகளையும் அவற்றில் உட்கார்ந்திருந்த குறிகளையும் சத்தமில்லாமல் சுருக்கிக்கொண்டே போனது. திரையைப் பெரிதாக்கியே வேலை பார்த்தவர் கண்ணில் அது படவில்லை.

முதல்வர் வந்து உட்கார்ந்த பிறகுதான் தாள் அச்சாகி வந்தது. மனைவி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். புருஷன் பெயரும் தம்பி பெயரும் பளிச்சென்று இருந்தன. அதற்குக் கீழே கொசு மொய்த்த மாதிரி ஏதோ.

"ஏங்க, இதை எப்படி வாசிக்கிறது?"

"உணர்ந்து வாசி," என்றார், முதல்வரைப் பார்த்துப் புன்னகைத்தபடி.

உணர்ந்தே வாசித்தாள். முதல் வரி, அவர் குளியலறையில் முனகிக் கேட்ட ஞாபகத்தில் வந்தது. அதற்கப்புறம் கை போன போக்கு. மெட்டு அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் எங்கோ கிளம்பிவிட்டது. இசையமைப்பாளருக்கு வியர்த்து ஊற்றியது.

முதல்வர் மூடிய கண்ணைத் திறந்தார். முதல் வரி மட்டும் சுமார், மற்றதெல்லாம் பிரமாதம், குழு கட்டாயம் பாடும் என்றார். தாளை வாங்கி எட்டப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்தார்.

"பேரெல்லாம் நல்லாத் தெரியுது," என்று நாகரிகமாகத் திருப்பிக் கொடுத்தார். "இவங்க வாசிச்சதைப் படிக்கிற மாதிரி அனுப்புங்க."

முதல்வர் படியிறங்கியதும் இசையமைப்பாளர் கணினி முன் உட்கார்ந்தார். மனைவி ஒவ்வொரு கட்டையாக அழுத்திக் காட்ட, தன் பாட்டு இரண்டாவது வரியிலிருந்து எப்படிப் போகிறது என்று கேட்டுக் கேட்டுப் பதிந்துகொண்டார். எல்லாம் முடிந்து, பெயர்கள் இருந்த பக்கத் தலைப்புக்கு வந்தவர் தொண்டையைச் செருமினார்.

"உன் பேரையும் போட்டாகணும். எத்தனை பாயிண்ட்?"

"எட்டு போதும்," என்றாள். "உங்களுதையும் எட்டாக்குங்க. நோட்ஸ் தெரியட்டும்."