போனில் பேசுகிறவர்

1

இந்தக் கதை நானாக யோசித்தது அல்ல. பக்கத்து வீட்டுத் தனப்பிரியா கேட்டு வாங்கியது. "எங்களப் பத்தி ஒரு கதை எழுதுங்கக்கா. அவரு படிக்கோணும்" என்றாள். ஊரே படிக்க வேண்டும் என்று கேட்டிருந்தால் உச்சி குளிர்ந்திருக்கும். ஒரே ஓர் ஆளுக்காக ஒரு கதையா என்று எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. ஆனாலும் தலையாட்டினேன். அங்கே பிடித்தது இந்தக் குழப்பம்.

அந்த ஒரே ஆள் அவள் கணவன் ஆனந்தகுமார். குமாரபாளையத்தில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவன் ரிக் வண்டியில், அதாவது போர் போடுகிற லாரியில், வேலை செய்கிறான். வண்டி திருச்செங்கோட்டுக்காரருடையது, ஓடுவது சத்தீஸ்கரில். அங்கே மழை பிடித்தால் வேலை நின்றுவிடும், ஆட்கள் ஊர் திரும்புவார்கள். ஆயுதபூஜை முடிந்ததும் மறுபடி கிளம்பிவிடுவார்கள். கல்யாணமாகி மூன்று வருடமாக அவன் வீட்டில் இருந்ததெல்லாம் மழைக்காலத்தில்தான்.*

இந்த வருடம் திருச்செங்கோட்டில் ஒரு பட்டறைக்காரர், "இங்கியே வேலைக்கு வந்துரு" என்று கூப்பிட்டிருக்கிறார். போவதா, இருப்பதா என்று பூஜைக்குள் சொல்லியாக வேண்டும். அவன் அவளைக் கேட்கவில்லை. அவளும் வாய் திறக்கவில்லை. என்னைக் கதை எழுதச் சொல்லிவிட்டாள்.

*விசேஷம் உண்டா என்று ஊர் கேட்கிற அந்தக் கேள்வியை நான் இந்தக் கதைக்குள் விடப்போவதில்லை. வாசலிலேயே நிற்கட்டும்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"ஞாயிற்றுக்கிழமை காலையில் தனப்பிரியா தக்காளிச் சாதம் கட்டினாள்." (சாப்பாட்டில் தொடங்கினால் குடும்பக் கதை ஆகிவிடும். குடும்பக் கதைதானே இது? தெரியவில்லை. அடித்துவிட்டேன்.)

"கணவன் இல்லாத வீட்டில் மௌனம் ஒரு" (இதை முடிக்க எனக்கே வெட்கமாக இருந்தது. அவள் வீட்டில் மௌனமாவது! நாள் முழுக்க தையல் மெஷின், டிவி, நைட்டி தைக்கக் கொடுத்தவர்களின் சண்டை.)

"போன மழைக்கு வந்த ஆனந்தகுமார் இந்த மழைக்கும் வந்தான்." (பரவாயில்லை. இருக்கட்டும்.)

3

வந்தான். முதல் வாரம் தனப்பிரியாவுக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் கறி, தினமும் தலைக்குப் பூ. இரண்டாவது வாரம் அவன் அவளுடைய மெஷினை ஜன்னலோரம் நகர்த்தி வைத்தான். வெளிச்சம் வருமே என்ற நல்ல எண்ணத்தில்தான். ஆனால் அங்கே மோட்டார் ஒயர் எட்டவில்லை, காலால்தான் மிதிக்க வேண்டியிருந்தது. மதியத்தில் அவன் தூங்கினான். சத்தம் கேட்டால் விழித்துக்கொள்வான் என்று அவள் மெஷினை மிதிக்காமல் துணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எரிச்சலாக வந்தது. ஊருக்கு வந்த புருசன்மேல் எரிச்சல் வருகிறதே என்று அழுகையும் வந்தது. (அழுகை வந்ததை அவள் சொன்னாள். எரிச்சலை நான் சேர்த்தேன். படித்துவிட்டு அவள் மறுக்கவில்லை.)

ஞாயிறு தவறாமல் வெளியே போனார்கள். ஒரு வாரம் பாலம் தாண்டிப் பவானி கூடுதுறை. அடுத்த வாரம் மேட்டூர் அணைப் பூங்கா, பொரித்த மீன். அதற்கடுத்து ஏற்காடு, வளைவுக்கு வளைவு அவள் அவனுடைய சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தாள். படங்களை ஸ்டேட்டஸில் வைத்தாள். சொந்தக்காரர்கள் கண் பட்டுவிடப் போகிறது என்று எழுதினார்கள். படத்தில் பேச்சு விழுவதில்லை. அதனால் மூன்று இடத்திலும் அவர்கள் பேசிக்கொண்டது "தண்ணி பாட்டல் எங்க?", "வண்டிச் சாவி எங்க?" என்பதுதான் என்று யாருக்கும் தெரியாது.

"இதையெல்லாம் எழுதினா அவன் வருத்தப்பட மாட்டானா?" என்று கேட்டேன்.

"அப்ப வேற மாதிரி எழுதுங்கக்கா."

"வேற மாதிரின்னா?"

"அது தெரிஞ்சா நானே எழுதிப்போட மாட்டனா?"

4

நேரில் பார்த்தால்தான் சரிப்படும் என்று அவளே என்னைப் பனமரத்துப்பட்டி ஏரிக்கு இழுத்துப் போனாள். அவர்கள் பைக்கில், நான் என் ஸ்கூட்டரில். ஏரியில் தண்ணீரைவிடச் சீமைக்கருவேலம்தான் அதிகம். கரையில் ஒரு மர நிழலில் மூன்று பேரும் ஒரே டப்பாவிலிருந்து தக்காளிச் சாதம் சாப்பிட்டோம். (அடித்த சாதம் திரும்பி வந்துவிட்டது. என்ன செய்ய?) அவன் வானத்தைப் பார்த்தான். அவள் எறும்பைப் பார்த்தாள். நடுவில் நான் விளக்குக் கம்பம்போல உட்கார்ந்திருந்தேன்.

கை கழுவிவிட்டு அவன் எழுந்து கரையோரமாக நடந்தான். தூரத்து வளைவு வரைக்கும் போய்த் திரும்பி நின்றான். அவளுடைய போன் அடித்தது. யாரோ நைட்டிக்காரி என்றுதான் நினைத்தேன்.

"சொல்லுங்க" என்றாள். அவள் முகத்தில் லைட் போட்டதுபோல் இருந்தது.

தூரத்தில் அவனும் காதில் போனை வைத்திருந்தான்.

அவன் கேட்டது எனக்குக் கேட்கவில்லை, "சாப்புட்டியா சாமி?" என்று கேட்டானாம். பிறகு அவள்தான் சொன்னாள். வீட்டில் "ஏ", "இந்தா" என்றுதான் கூப்பிடுவான். சாமி என்பதெல்லாம் போனில் மட்டும்.

"ஆச்சுங்க. நீங்க சாப்புட்டீங்களா? அங்க வெயிலுங்களா?"

அவள் தலைக்கு மேலும் அதே வெயில்தான். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அவள் ஒரு வாடிக்கைக்காரி அளவைத் தப்பாகக் கொடுத்துவிட்டு மல்லுக்கு நின்ற கதையைச் சொன்னாள். அவன் ரிக் வண்டிக்கு அடியில் படுத்துக்கொள்கிற நாயைப் பற்றி ஏதோ சொன்னான்போல. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஏற்காட்டுக்கே போனாலும் வராத சிரிப்பு. எனக்கு அடக்கிய சிரிப்பும் போய்விட்டது.

பேசிக்கொண்டே அவன் திரும்பி நடந்து வந்தான். கிட்டே வரவர இருவர் குரலும் குறைந்தது. பத்தடி தூரத்தில் இருவரும் போனை வைத்துவிட்டார்கள்.

"டப்பாவ எடுத்து வெச்சிரு" என்றான்.

எடுத்து வைத்தாள்.

5

மறுநாள் சுவரைத் தட்டிக் கூப்பிட்டு வாசலுக்கு வந்தாள். "பாத்தீங்கல்லக்கா? போன்ல பேசறவரு வேறங்க. அவரு ஒருக்காக்கூட ஊட்டுக்கு வந்ததில்ல. இவரு இங்கியே இருந்துட்டாருன்னா அவரு எங்கிருந்து பேசுவாரு?"

இதை நான் ஒரு எழுத்துகூட மாற்றவில்லை. "வேற எத வேணாலும் திருத்துங்க, இத மட்டும் எடுத்தராதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சரி, முடிவு.

முடிவு ஒன்று: தனப்பிரியா "போவேண்டாங்க" என்கிறாள். அவன் கட்டிய பையைப் பிரிக்கிறான். படித்துக் காட்டினேன். சந்தோசமாகப் போனவள் சாயங்காலமே வந்து நின்றாள். "அத எடுத்துருங்கக்கா. வருசம் பூராம் மத்தியானம் தூங்குனார்னா நா எப்பத் தைக்கறது?"

முடிவு இரண்டு: பூஜை போட்ட பொட்டோடு வண்டி கிளம்புகிறது, அவள் கையசைக்கிறாள். "ஏனுங்க இப்பிடி எழுதிப்போட்டீங்க?" என்று என்னோடு சண்டைக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது.

முடிவு மூன்று: பட்டறைக்காரர் ஓசூரில் ஒரு கிளை திறக்கிறார், ஆனந்தகுமார் வாராவாரம் (இது கதாசிரியரின் தில்லுமுல்லு. அந்தப் பட்டறைக்காரர் திருச்செங்கோட்டைவிட்டு அசைய மாட்டார். விட்டுவிட்டேன்.)

உங்களிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது, எனக்குப் பயமாக இருந்தது. வழக்கமாக என் கதையில் யார் போனாலும் யார் வந்தாலும் வாசகர் பக்கத்தைத் திருப்பிவிட்டுப் போய்விடுவார். இங்கே நான் எழுதுவதை அவன் அவளுடைய வாக்கு என்று எடுத்துக்கொள்வான். தப்பாகப் போய்விட்டால் அந்த இரண்டு பேரும் இதே சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருப்பார்கள். அல்லது ஒருத்தி மட்டும் இருப்பாள். அவள்மேல் கோபமும் வந்தது. உன் வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. ஏரிக்கரையில் அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்ட பிறகு கேட்க முடியவில்லை.

6

பூஜைக்கு முதல் நாள் ஆனந்தகுமாரே வந்துவிட்டான். வாசல்படியில் நின்றபடி பனியனை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தான்.

"அக்கா, கதை எழுதறீங்களாமா. கடைசில நா போறனுங்களா, இருக்கறனுங்களா?"

"நீ என்ன நினைக்கற?"

"எனக்கு இருக்கோணும்னுதான் ஆசைங்க. ஆனா நா இருந்தா அவளுக்குத் தொந்தரவுங்களா? மெஷின நகத்துனதுல இருந்து மூஞ்சியே சரியில்ல. நேருக்கு நேரா கேக்க வாய் வரமாட்டேங்குது."

ஒரு நிமிடம் சொல்லித் தொலைத்துவிடலாமா என்றிருந்தது. ஆனால் எதைச் சொல்வது? அவளுக்கே தெரியாததை நான் எப்படிச் சொல்வேன்? எழுதிய தாள்களைக் கையில் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தான். நாய் வந்த இடத்தில் லேசாகச் சிரித்தான். "போன்ல பேசறவரு வேறங்க" என்ற இடத்துக்கு வந்ததும் கண் அந்த வரியைவிட்டு நகரவில்லை. மேலே போனான், மறுபடி அங்கேயே வந்தான். கடைசித் தாளில் "தனப்பிரியா சொன்னாள்:" என்று எழுதி மீதியை வெறுமனே விட்டிருந்தேன்.

"இங்க ஏனுங்கக்கா ஒண்ணும் இல்ல?"

"உன் பொண்டாட்டிகிட்டக் கேளு."

அவன் வீட்டுக்குள் போகவில்லை. தெருக் குழாய் வரைக்கும் நடந்து போனான். தாள்களைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனை எடுத்தான்.

7

சுவருக்கு அந்தப் பக்கம் போன் அடித்தது.

"சொல்லுங்க" என்றாள் தனப்பிரியா. சத்தீஸ்கருக்குப் பேசுகிற அதே உரத்த குரல்.

"சாமி, ஒண்ணு கேக்கோணும்" என்று தெருவில் அவன் சொன்னது என் வாசலிலேயே கேட்டது. குழாயடியில் குடத்தோடு நின்ற எதிர்வீட்டு வசந்தாமணிகூடத் திரும்பிப் பார்த்தாள்.

"கட் பண்ணிராதீங்க. கொழம்பு அடி புடிக்குது, அடுப்பக் கொறச்சுட்டு வாரேன்."

அடுப்பைக் குறைத்துவிட்டு வந்திருப்பாள். அதன்பிறகு அவள் குரல் தணிந்துவிட்டது. தெருவில் அவனும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சுவர் மெல்லிய சுவர்தான். காதை வைத்தால் எல்லாம் கேட்கும். மூன்று வருடமாக எத்தனையோ கேட்டிருக்கிறேன், அதில் எனக்கு ஒன்றும் பெருமை இல்லை. இந்தக் கதையின் முடிவு அந்தச் சுவருக்கு அப்பால் நடந்துகொண்டிருக்கிறது. உங்களுக்கு வேண்டுமென்றால் வந்து காதை வைத்துக்கொள்ளுங்கள். நான் தடுக்க மாட்டேன்.

நான் சமையலறைக்குப் போய் மிக்சியில் தேங்காய்ச் சில்லைப் போட்டுத் திருகினேன். தேங்காய் எப்போதோ அரைந்துவிட்டது. நிறுத்தாமல் ஓடவிட்டிருக்கிறேன்.