அடுப்பங்கரைக்கு வந்த வெயில்

பேரம் பேசாமல் தண்டபாணி வாங்கிய பொருள் அந்த ஒரு கண்ணாடிதான். மற்றபடி அவர், தலையில் பாதி முடி போய்விட்டது, கூலியிலும் பாதியைக் குறை என்று நாவிதரிடம் வாதாடி ஜெயித்த மனிதர். மானாம்பதியிலிருந்து சைக்கிளில் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் போவார். எதையாவது வாங்குவதென்றால், கடைக்காரன் இறங்கி வரும்வரை மூன்று தடவையாவது எழுந்து போகிறவர்போல் நடப்பார். நாலாவது தடவை கடைக்காரனே கையைப் பிடித்து இழுத்து உட்காரவைப்பான்.

அது ஐம்பத்தெட்டாம் வருஷம். அவருடைய மனைவி பொன்னியம்மாளின் கண்கள் புகையில் வெந்துகொண்டிருந்தன. அந்த வீட்டு அடுப்பங்கரைக்கு ஜன்னல் கிடையாது. சுவரில் கை வைத்தால் கரி ஒட்டும். பட்டப்பகலில் உப்புச் சட்டி எது, புளிச் சட்டி எது என்று நக்கிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். காஞ்சிபுரத்து டாக்டர் அவள் இமையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இதே புகையில் இன்னும் ஒரு வருஷம் சமைத்தால் பார்வை போய்விடும் என்று சொல்லியனுப்பினார்.

கொத்தனார் இருசப்பன் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தான்.

"ரெண்டு பக்கமும் செவுத்த ஒடச்சி ஜன்னல் வெக்கணும் அண்ணாத்தே. பொகபோக்கி ஒண்ணு கட்டணும். எரநூறு ரூபா ஆவும்."

"எரநூறா? அதுல நான் இன்னொரு கண்ணாலமே கட்டிக்குவேன்."

"கட்டிக்கயேன்," என்றாள் பொன்னியம்மாள் உள்ளேயிருந்து. "அவளும் இந்த இருட்லதான் குந்திகினு இருமப் போறா."

இருசப்பன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். தண்டபாணி சுவரைத் தொடாமலே வேலையை முடிக்கத் தீர்மானித்தார். கரியைச் சுரண்டித் தாமே சுண்ணாம்பு அடித்தார். தரையில் கிடந்த அடுப்பை மண்மேடை போட்டு இடுப்பு உயரத்துக்கு ஏற்றினார். கிணற்றடியில் கிடந்த மண்குழாயைக் கூரையில் சொருகிப் புகைக்கு வழி விட்டார். உடைந்த கட்டிலின் பலகைகள் இரண்டு, சட்டிகள் வைக்கும் தட்டாயின. ஒரு வாரத்தில் அடுப்பங்கரை ஆள் மாறிப்போயிற்று. வெளிச்சம் ஒன்றுதான் பாக்கி.

பழையசீவரத்தில் ஒரு பெரிய வீட்டை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனார். கதவும் கைமரமும் ஏற்கெனவே விலையாகியிருந்தன. கூரையில் பதித்திருந்த முழச் சதுரக் கண்ணாடி ஒன்று மட்டும் கோணியில் சுற்றியபடி தனியாகக் கிடந்தது. காவலுக்கு நின்ற வேதகிரியிடம் விலை கேட்டார்.

"எட்துகினு போ யாவாரி. துட்டு ஒண்ணும் வாணாம்."

நாக்கு நுனிவரை வந்திருந்த பாதி விலையைத் தண்டபாணி விழுங்கினார். வேதகிரியே கண்ணாடியைச் சைக்கிளில் வைத்துக் கட்டிக்கொடுத்தார். கட்டி முடிக்கும்வரை முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். இலவசத்தைக் கண்ட சந்தோஷத்தில் தண்டபாணிக்கு அது உறைக்கவில்லை.

அடுப்புக்கு நேர்மேலே கூரையில் நாலு ஓடுகளை எடுத்துவிட்டுக் கண்ணாடியைப் பதித்ததும், தரையில் பாய் விரித்தாற்போல் வெயில் விழுந்தது. பொன்னியம்மாள் அதில் உட்கார்ந்து கேழ்வரகைப் பரப்பிக் கல் பொறுக்கினாள்.

"எல்லாம் தெர்துய்யா! கடுகு உருண்டாகூடத் தெர்து!"

எரநூறு ரூபாயை மிச்சம் பிடித்த மிதப்பில் தண்டபாணி அன்று இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டார்.

ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் பகலில் நனைந்த கோழியாக வீட்டுக்குள் நுழைந்தவர், அடுப்பங்கரையில் பளீரென்று வெயில் அடிப்பதைப் பார்த்தார். மழை விட்டுவிட்டதாக்கும் என்று வாசலுக்குப் போனார். தெருவில் கணுக்கால் தண்ணீர். திரும்பி வந்தார். தரையில் வெயில்.

வெயிலுக்குள் ஒரு பெண்ணின் நிழல் குந்தியிருந்தது. முறத்தில் எதையோ புடைத்துக்கொண்டிருந்தது. பொன்னியம்மாளோ வெயிலுக்கு வெளியே, அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள்.

"பொன்னி... இன்னாடி அது?"

"தெர்ல. பேரு கேட்டா சொல்ல மாட்டேங்குது. ஆனா வேல சுத்தம்."

"பயமா இல்லியா உனுக்கு?"

"உன்னோட முப்பது வருசம் இருந்துட்டேன். இதுக்கா பயப்படப் போறேன்?"

அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

அதன் பிறகுதான் இன்னொன்றைக் கவனித்தார். அடுப்பங்கரையில் கடுகைப் பொறுக்குகிறவள், தெரு வாசலுக்கு வந்தால் சுவரைத் தடவினாள். எதிரே நின்ற புருஷனையே "யாருய்யா அது?" என்று கேட்டாள். அந்த வெயிலில் மட்டும்தான் அவளுக்குக் கண் இருந்தது. அதனால் அவள் வெளியே வருவது குறைந்தது. இரண்டு பேர் சாப்பிடும் வீட்டில் பெரிய பானை அடுப்பேறியது.

"எதுக்குடி இவ்ளோ சோறு?"

"ஒம்போது பேரு கீறாங்கய்யா. உனுக்கும் எனுக்கும் மட்டும் ஆக்கிட்டா போதுமா?"

சாயங்காலம் பானை கழுவிக் கவிழ்த்திருந்தது. தண்டபாணி சாப்பிட்டது ஒரு தட்டு.

"அத்தக் கயட்டிடறேன்," என்றார் கூரையைக் காட்டி.

"கயட்டு. அப்பால என் கண்ண எந்தச் சந்தையில போயி வாங்கிகினு வருவ?"

மறுநாள் விடிந்ததும் பழையசீவரத்துக்குச் சைக்கிளை மிதித்தார். வீடு இருந்த இடம் மண்மேடாகியிருந்தது. வேதகிரி அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"அந்த வூட்டம்மாவுக்கும் கண்ணு மங்கல்தான் யாவாரி. கண்ணாடி வெச்சப்புறம் அடுப்பங்கரைய வுட்டு வெளிய வர மாட்டாங்க. ஒரு நாளு சோறு கொதிச்சிகினு கீது, அவங்கள காணோம். இருந்தது ஒரே வாசப்படி. அதுல நாங்க நாலு பேரு குந்திகினு இருந்தோம். யாரும் தாண்டிப் போவல."

"அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா கேடு?"

"நீ வெல கேட்ட. வேற ஒண்ணும் கேக்கலியே."

வரும் வழியில் இரண்டு தடவை சங்கிலி கழன்றது. வீடு சேரும்போது உச்சி வேளை. "பொன்னி!" என்று கூப்பிட்டுக்கொண்டே உள்ளே போனார். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்பங்கரையில் யாரும் இல்லை. தரையில் விழுந்த வெயிலில் இரண்டு நிழல்கள் இருந்தன. ஒன்று குனிந்து இலை போட்டது. இன்னொன்று பின்னாலேயே பரிமாறியது. அந்த இரண்டாவது நிழல் இடது கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது, அது யாருடையது என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று.

பின்கூரை தாழ்வானது. ஏணியைச் சார்த்தி ஏறினார். கண்ணாடியைப் பெயர்க்கக் கடப்பாரையும் கையில் இருந்தது. குனிந்து உள்ளே பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

கீழே தெரிந்தது அவருடைய அடுப்பங்கரை இல்லை. செங்கல் தரை போட்ட பெரிய கூடம், வரிசையாக இலைகள். இலைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்களின் தலை உச்சிகள் மட்டும் தெரிந்தன. நடுவே பொன்னியம்மாள் அன்னக்கரண்டியோடு நடந்தாள். எதையும் தடவவில்லை, கண்ணைத் துடைக்கவில்லை. பெயர்த்தெடுத்தால் அவள் எந்தப் பக்கம் நின்றுபோவாள்? கடப்பாரையை மெல்ல ஓட்டின் மேல் வைத்தார்.

"பொன்னி!"

அவள் அண்ணாந்து பார்த்தாள்.

"வெளிச்சத்த மறைக்காதய்யா. நகுரு."

"வெளிய வந்துடும்மா. செவுத்த ஒடைக்கிறேன். ஜன்னல் வெக்கிறேன்."

அவள் கரண்டி நின்றது. முகத்தில் ஆசை தெரிந்தது. ஓரடி முன்னால் வந்தாள்.

"நெசமாவா? எத்தினி ஜன்னல்?"

"ஒண்ணு," என்றார் தண்டபாணி.

சொல்ல நினைத்தது அதில்லை. வீட்டையே ஜன்னலாக்கித் தருகிறேன் என்றுதான் நெஞ்சு துடித்தது. ஆனால் எதிராளி எண்ணிக்கை கேட்டால் அடிமட்டத்திலிருந்து தொடங்கியே பழகிய நாக்கு அது. நெஞ்சைக் கேட்காமலே பதில் சொல்லிவிட்டது.

பொன்னியம்மாள் சிரித்தாள். கோபம் இல்லாத, நன்றாகத் தெரிந்த ஆளைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு. பிறகு இலைகளின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ரெண்டு! மூணு வெக்கிறேன்டி! நீ எத்தினி சொல்றியோ அத்தினி!"

ஒரு மேகம் கடந்தது. கண்ணாடியில் வானமும், அதன் நடுவே வாய் திறந்த ஒரு கிழவனின் முகமும் தெரிந்தன.

மறுநாள் காலை இருசப்பன் வந்தான். பணத்தை முன்னதாகவே அவன் கையில் திணித்துவிட்டு, சுவரை உடைக்கச் சொன்னார் தண்டபாணி. வெளிச்சம் கிடைத்தால் வந்துவிடுவாள் என்று நம்பினார். இருசப்பன் வெளியிலிருந்து இடிக்க, இவர் உள்ளே அந்த வெயிலின் ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு நிழல்களையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் கல் பெயர்ந்தது. ஊர் வெளிச்சம் ஒரு சாண் அகலத்துக்கு உள்ளே பாய்ந்து தரையில் பரவியது. அது பட்டதும், இடுப்பில் கை வைத்திருந்த நிழல் வெளிறத் தொடங்கியது. முதலில் கை போயிற்று. பிறகு தோள்.

"நிறுத்து! நிறுத்துடா!"

"இன்னா அண்ணாத்தே? ஜன்னல் வாணாவா?"

தண்டபாணி பெயர்ந்த கல்லைத் தூக்கி ஓட்டையில் திணித்து, குடத்துத் தண்ணீரைச் சுவர் மண்ணில் கொட்டிக் குழைத்து, இரண்டு கையாலும் அள்ளி அள்ளி அப்பினார். ஒவ்வொரு கை மண்ணுக்கும் ஒரு தடவை தரையைத் திரும்பிப் பார்த்தார். நிழலுக்கு மறுபடி தோள் வரும்வரை, கை வரும்வரை அப்பினார்.