இரண்டு ஏக்கர் ஊழிய மானியம்

நிஜாம் காலத்து ஜமீன் தொரை ஒருவர் கோயில் நிலத்திலிருந்து எங்கள் மாதிகக் குடும்பத்துக்கு விட்ட மானியம் அந்த இரண்டு ஏக்கர். ஊரில் சாவு விழுந்தால் பறையடிக்க வேண்டும், மாடு செத்தால் இழுத்துப்போக வேண்டும். அதற்குத்தான் நிலம். மாமனாரைப் புதைத்த அன்று என் புருஷன் ஓதேலு பறையைக் கிழித்து ஏரியில் எறிந்தான். "இனிமே எவன் வீட்டு மாட்டையும் தொடமாட்டேன்" என்றான். தொடவும் இல்லை. கோயில் தர்மகர்த்தாவான ஊர்ப் பட்டேல் அதையே பிடித்துக்கொண்டார். ஊழியம் நின்றுவிட்டது, நிலம் கோயிலுக்குத் திரும்பட்டும் என்று வழக்குப் போட்டார். கோயில் என்றால் அவர்தான், வேறு யார்?

எங்கள் வக்கீல் சுற்றி வளைக்கவில்லை. "இன்னைக்கும் செய்யறேன்னு ஒரு வார்த்தை சொல்லு. நிலம் உனக்கு."

"அதுக்கு நாக்கைப் புடுங்கிக்கிட்டுச் சாகலாம் சார்."

திரும்பும் பஸ்ஸில் நான் அவனை விடவில்லை. "உன் ரோஷத்தை உலையில போட்டா வேகுமாய்யா? நிலம் போச்சுன்னா பம்பாய்க்கு மூட்டை கட்டணும்."

"சொல்லிட்டா நான் மறுபடியும் மாடு இழுக்கறவன்டி."

"கோர்ட்டுலதானே சொல்றே. ஊருலயா சொல்றே?"

பெரிய அறிவாளி நான்.

கூண்டில் ஏறிச் சொன்னான். குரல் எழும்பவில்லை, ஜட்ஜ் உரக்கச் சொல்லச் சொன்னார். "செய்யறேன் தொரை. இன்னைக்கும் செய்யறேன்." பட்டேல் மறுத்துப் பேசக்கூட எழவில்லை. தோற்றுப்போனார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஊழியம் தொடரும்வரை நிலம் ஓதேலுவுக்கே என்று தீர்ப்பு வந்தது. பின்பாதி மட்டும்தான் என் காதில் விழுந்தது. ஊர் அம்மன் போச்சம்மாவுக்குக் கோழி அறுத்தோம், கள் வாங்கினோம். ஓதேலு ஒரு வாய் குடித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான்.

விடிந்ததும் பட்டேலின் ஆள் கங்காராம் வாசலில் நின்றான்.

"டேய் ஓதேலு, பட்டேல் வீட்டு எருமை செத்துக் கெடக்கு. வந்து இழு."

"வேற ஆளைப் பாரு."

"கோர்ட்டுல செய்யறேன்னது உன் வாய்தானே? வரமாட்டேன்னா இப்பவே சொல்லிடு. பட்டேலுக்கு வக்கீல் வீட்டுக்கு வழி தெரியும்."

நான் குறுக்கே போய் நின்றேன். "போகாதேய்யா. நிலமும் வேணாம் ஒண்ணும் வேணாம், பம்பாய்க்கே போயிரலாம்."

"போகலாம்டி. விதைச்சாச்சே, அறுத்துட்டுப் போகலாம்" என்று சொல்லிவிட்டு அவன் கயிற்றை எடுத்தான்.

கொழுத்த எருமை. அவன் ஒருவனால் நகர்த்த முடியவில்லை. பட்டேல் வீட்டார் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் போய்க் கயிற்றைப் பிடித்தேன்.