அண்ணனுக்கும் சுகர் உண்டா

...தெரியாது என்றுதான் சொல்ல வந்தது, அண்ணனுக்கும் சுகர் உண்டா என்று டாக்டரம்மா கேட்டபோது, கூடப்பிறந்தவனைப் பற்றித் தெரியாது என்று சொல்லக் கூசாமல் போயிற்றே வெற்றிச்செல்விக்கு, அரியலூர் பஸ் இன்னும் பெரம்பலூரைத் தாண்டவில்லை, மடியில் ரிப்போர்ட், யூரினில் புரோட்டீன் போகிறதாம், நாற்பத்தாறு வயதில். சுகர் வந்த எல்லாருக்கும் கிட்னி கெடாதாம், சில குடும்பங்களில் அது பரம்பரையாகவே வருமாம். "அப்பாவுக்கு இருந்திருக்கு, உங்களுக்கும் கூடப்பொறந்தவங்களுக்கும் வாய்ப்பு ஜாஸ்திங்க. இப்பவே பார்த்தா தள்ளிப்போடலாம். அண்ணனையும் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க."

அப்பா ராசாங்கம் சிமெண்ட் பேக்டரிக்குச் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவர், அவரோடு அவள் உட்கார்ந்து பேசியதெல்லாம் அவர் சாவதற்கு முந்தின அந்த ரெண்டு வருஷம்தான், வாரம் ரெண்டு தடவை டயாலிசிஸுக்குத் திருச்சி பஸ்ஸில், ஜன்னலோரம் அவருக்கு. டிரைவர் கியர் மாற்றினால் இவர் கால் அழுத்தும், "இந்த ஏத்தத்துக்கு செகண்ட் போட்டிருக்கணும் பாப்பா" என்பார், தாகத்துக்கு அளந்து கொடுத்த தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டே கண்ணால் சிரிப்பார்... வீங்கிய காலை அவள் மடியில் தூக்கி வைத்துக்கொண்டால் கூச்சப்படுவார். நோய்க்காரரோடு போன பயணம் இப்படியா இனிக்கும், அந்த வருஷங்கள் திரும்ப வேண்டும் என்று யாரிடமாவது சொல்ல முடியுமா?

அண்ணன் அறிவரசன் கிட்னி கொடுப்பான் என்றுதான் இருந்தாள், அவள் ரத்தம் வேறு குரூப், அவனுடையதுதான் பொருந்தியது. டெஸ்டுக்குப் போய்விட்டு வந்தவன், "என்னால முடியாது வெற்றி" என்றான், அவ்வளவுதான், பதினோரு வருஷமாக அவள் அவன் வூட்டு வாசலை மிதிக்கவில்லை. இன்று இதைச் சொன்னதும் டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு, "அவருக்கு அப்பவே சுகர் இருந்திருந்தா நாங்களே கிட்னிய எடுக்க மாட்டோங்களே" என்றார், சாதாரணமாக.

அன்றைக்கு அவன் எப்படி இருந்தான்... மெலிந்திருந்தான், பேன்ட் நழுவாமல் இருக்க பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டிருந்தான், பயத்தில் சோறு இறங்கவில்லை போல என்று நினைத்து அதற்கும் சேர்த்து ஏசினாள். "அவனை ஒண்ணும் கேக்காத, வுடு பாப்பா" என்றார் அப்பா, மகன் மேல் உள்ள பாசம் என்று அதிலும் கோபம். சொல்லியிருக்கலாமே, அப்பாவிடம் மட்டும் சொன்னானோ, அவர் மனசு உடையக்கூடாதென்று அவரிடமும் சொல்லவில்லையோ.

போனில் அவன் நம்பர் இருக்கிறது, அழிக்கவில்லை, ஏன் அழிக்கவில்லை? மணி அடிக்கிறது அந்தப் பக்கம், எடுத்தால் முதலில் எதைக் கேட்பது, சுகர் எவ்வளவுண்ணே என்றா, எப்பலேர்ந்துண்ணே என்றா...